காது மந்தமா? கண்ணையும் காட்டுங்கள்!

உங்கள் வீட்டில் பிறவியிலேயே காது மந்தமான பிள்ளை இருக்கிறதா? மெஷின் மாட்டி, பேசப் பழக்கி, ஸ்கூலிலும் சேர்த்து 'அப்பாடா' என்று இருப்பீர்கள். இன்னும் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். 12, 13 வயதில், விளக்கு வைக்கிற நேரத்தில் அது வாசற்படி தடுக்கி விழுகிறதா? சினிமா தியேட்டருக்குள் நுழைந்ததும் உங்கள் கையைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்கிறதா?

"மாலைக்கண்தான், முருங்கைக்கீரை குடுங்க, சரியாப் போயிடும்" என்பார்கள். வைட்டமின் ஏ குறைச்சலால் வந்த மாலைக்கண்ணுக்கு அது சரி. காது மந்தமான பிள்ளைக்கு மாலைக்கண்ணும் சேர்ந்து வந்தால் கீரையோடு நிறுத்தக் கூடாது. அது 'அஷர் சிண்ட்ரோம்' ஆக இருக்கலாம். சார்லஸ் அஷர் என்ற ஸ்காட்லாந்து கண் டாக்டர், இது பரம்பரையாக வருவது என்று 1914-ல் எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நின்றுவிட்டது.

காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நம் 5-வது குரோமோசோமில் ஏ.டி.ஜி.ஆர்.வி.1 என்று ஒரு ஜீன். பெயர்தான் பஸ் நம்பர் மாதிரி, வேலை பெரிசு. இது செய்யும் புரதத்தில் 6,300 அமினோ அமிலங்களுக்கு மேல். செல்லின் மேலே நீட்டிக்கொண்டு நின்று பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும் ரகம். உள்காதில் ஒலியை வாங்கும் செல்களுக்கு நுண்ணிய ரோமங்கள் உண்டு. காது உருவாகும் காலத்தில் அந்த ரோமங்களை, விளக்குமாற்றுக் குச்சிகளை அடியில் கட்டுவது போல, இந்தப் புரதம்தான் பிணைக்கிறது. விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்களின் கழுத்துப் பகுதியிலும் இதே புரதம் நிற்கிறது. ஜீன் பழுதானால் காது பிறக்கும்போதே மந்தம். கண் செல்களோ வருஷக்கணக்கில் மெதுவாகச் சாகின்றன. முதலில் இருட்டுப் பார்வை போகும், அடுத்தது பக்கப் பார்வை. அஷரின் 2-வது ரகத்துக்கு இந்த ஜீனும் ஒரு காரணம் என்று 2004-ல் தெரிந்தது. அதைவிட அதிகம் பேருக்குக் காரணம் வேறொரு ஜீன்.

இதற்கெல்லாம் பழி யார் மேல்? அம்மா மேல்! கிரகணத்தில் வெளியே வந்தாளாம். சுத்த அபத்தம். அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். பெற்றவர்கள் இருவருக்கும் ஒன்றுமே தெரியாது. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே முடிச்சுப் போட்டால் ஒரே பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. கல்யாணம் ஆனவர்களைக் குத்திக் காட்டுவதில் பிரயோஜனமில்லை. ஜாதகம் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் யோசிக்கட்டும்.

"குணமாக்க மருந்து இல்லேன்னா தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" என்று கேட்பீர்கள். எனக்கு இந்தக் கேள்வியில்தான் கோபம் வருகிறது. காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்துத்தானே பேச்சைப் புரிந்து கொள்கிறது? கண்தான் அதற்குக் காது! அதுவும் மங்கப் போகிறதென்றால், காது மெஷின் போதுமா, காக்ளியர் ஆபரேஷன் வேண்டுமா என்பதைச் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டாமா? இருட்டில் சைக்கிள் வேண்டாம், வகுப்பில் வெளிச்சமான முன்வரிசை வேண்டும், என்ன படிப்பு, என்ன உத்தியோகம்... எல்லாமே இதில் இருக்கிறது. நேர்ப்பார்வை பலருக்குப் பெரியவர்கள் ஆன பிறகும் பல வருஷம் நிற்கும். அந்தக் காலத்தை வீணாக்கலாமா?

வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மீறினால் ஈரல் கெடும். அடுத்த தடவை மெஷினைக் காட்டக் காது டாக்டரிடம் போகும்போது, "கண்ணையும் பார்க்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். கண் டாக்டரிடம் பிள்ளைக்குக் காது மந்தம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் விழித்திரையைப் பார்த்து, இ.ஆர்.ஜி. டெஸ்ட்டுக்கும் எழுதிக் கொடுப்பார்.