சாம்பிராணிப் புகையும் சன்னலும்

வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி மணம் கமழாத வீடு நம் தோட்டப்புறங்களில் அரிது. இதனை மூடநம்பிக்கை என்று நகைப்போரும் உளர். புகை பட்டால் நோயெல்லாம் ஓடும் என்று நம்புவோரும் உளர். இரு சாராரும் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

பழைய ஆயுர்வேத நூலாகிய சுசுருத சங்கிதை, புண்பட்டோர்க்குக் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றால் நாளுக்கு இருமுறை, பத்து நாள் புகையிடுமாறு கூறுகின்றது. 2007ஆம் ஆண்டில் இந்தியாவின் லக்னோ நகரிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வுக் கழகத்தார், வேள்விக்குரிய மரத்துண்டுகளையும் மூலிகைகளையும் மூடிய அறையில் ஒரு மணி நேரம் எரித்துச் சோதித்தனர். காற்றில் மிதந்த பாக்டீரியாக்கள் 94 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆதலின் நகைப்பதற்கு இடமில்லை.

ஆயினும் அங்கு எரிக்கப்பட்டவை பலவகை மூலிகைகள். நம் சாம்பிராணியோ, சுமாத்திராத் தீவில் விளையும் மரத்தின் பிசின். மலாய்க்காரர் கெமெஞான் என்பர். கடைப் பொட்டலத்தில் அதனோடு வேறு என்னென்ன கலந்துள்ளனவோ, யார் அறிவார்?

அதனினும் பெரிது ஒன்றுண்டு. கிருமியைக் கொல்லும் புகை, குழந்தையின் நுரையீரலுக்கு மட்டும் தேனாகுமா? சீனா, மலேசியா ஆகிய நாடுகளின் கொசுவர்த்திச் சுருள்களை ஆராய்ந்தோர், ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவினது என்று 2003இல் எழுதினர். சாம்பிராணிப் புகையிலும் நுண்துகள் உண்டு. பச்சிளங் குழந்தையை நீராட்டி, தணலுக்கு மேலே தலைமுடியைப் பிடித்து உலர்த்தும் வழக்கத்தை நம் தாய்மார்கள் கைவிடல் வேண்டும். அன்பினால் செய்வதே, எனினும் கைவிடல் வேண்டும். துவாலை போதும்.

லயத்து வீடுகளில் இரவுக் காற்று ஆகாதென்று சன்னலை இறுக மூடுவோர் பலர். திறந்த சன்னல் புகையையும் கிருமியையும் ஒருங்கே வெளியேற்றும். அதற்குக் காசும் வேண்டா. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் தூபக்காலைத் தேடாது அரசாங்க கிளினிக்கிற்குச் செல்க. காசநோய்க்குப் புகை மருந்தன்று.

புகை போடுவதை நிறுத்த வேண்டுவதில்லை. பாட்டி தூபக்காலை எடுக்கும்போது, தம்பி தங்கையரையும் ஈளை நோயுள்ளோரையும் வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பை ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஏற்கலாம். பின்னர்ச் சன்னல்களைத் திறந்து, புகை முற்றும் அகன்றபின் அவர்களை உள்ளே அழைப்பதும் அம்மாணவர்களின் வேலையே.