ஒரு சோறு பதமா? மன்னிக்கணும் மாமி!

லக்ஷ்மிபாய் நகருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன ஆகஸ்ட் மழையில, அரைக்கலாம்னு மக்காச்சோளம் அஞ்சு கிலோ வாங்கினேன். பையைப் பிரிச்சா மக்கின வாடை. கடைக்காரர் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துட்டு "நல்ல சரக்கு சாப்"னுட்டார். கீழ்வீட்டு மாமியோ, "களைஞ்சு வெயில்ல போடுங்கோ. பத்து மணியைக் கடிச்சுப் பார்த்தாப் போறும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னாங்க.

மாமி, கோவிச்சுக்காதீங்க. பானைச் சோறு எல்லாம் ஒண்ணா வேகும், அதனால அங்கே அந்தப் பழமொழி சரி. பூஞ்சை விஷம் அப்படி இல்லை. மூட்டையில சில மணிகள்ல மட்டும் மொத்தமா உட்கார்ந்திருக்கும். நீங்க கடிச்ச பத்தும் சுத்தமா இருக்கலாம். கழுவினா பூஞ்சையின் நிறம் போகும். அஃப்லடாக்சின் முழுசாப் போகாது, சமையல் சூட்டுக்கும் அசையாது. அதில் பி1 வகை புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானது, முதல் குறி கல்லீரல்.

பயமுறுத்தலைங்க. 1974-ல் ராஜஸ்தான் பான்ஸ்வாராவிலும் குஜராத் பஞ்ச்மஹாலிலும் பருவம் தப்பின மழையில நனைஞ்ச மக்காச்சோளத்தைத் தின்னு 397 பேர் விழுந்தாங்க, 106 பேர் செத்தாங்க. வீட்டு நாய்களும் செத்தன. அந்தச் சோளத்தில் சிலது கிலோவுக்கு 15 மில்லிகிராம் விஷம் காட்டியது. இன்னைக்கு தானியத்துக்குச் சட்ட வரம்பு 15 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு! சாப்பிட்டவங்க ஏழை ஆதிவாசிகள். வேற சோளம் வாங்க வழியில்லாதவங்க.

இப்ப என் கோபத்துக்கு வரேன். எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்துல விவசாயி நெல்லைக் கொட்டினதும் ஈரப்பத மீட்டர் வந்துடும். 17 சதவீதத்துக்கு மேலயா, "காயவெச்சு எடுத்துட்டு வா". சரி, ஈரம் இருந்தா பூஞ்சை வரும், பார்க்கட்டும். ஆனா பூஞ்சை வந்தப்புறம் காயவெச்சா? மீட்டர் பாஸ் போட்டுடும், விஷம் உள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சில நிமிஷத்தில் முடிவு சொல்ற பட்டைச் சோதனை வந்தாச்சு. பல மூட்டைகள்ல பல இடத்துல எடுத்து, அரைச்சுக் கலந்து பார்க்கணும், அவ்வளவுதான். விவசாயி தலையில மீட்டர் வைக்கிறவங்க, சாப்பிடறவனுக்கு ஒரு பட்டை வைக்கக் கூடாதா? குடோனை விட்டு வெளியேறுற ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனை முடிவை ரேஷன் கடை வாசல்ல எழுதி ஒட்டணும். வரம்பு காகிதத்துல இருந்தா வயித்துக்கு என்ன பிரயோஜனம்?

அந்த அஞ்சு கிலோவை மாட்டுக்குக்கூடப் போடாம புதைச்சேன். மாட்டுக்குப் போட்டா அது பால் வழியா நம்ம வீட்டுக்கே திரும்பி வரும். மாமி இன்னும் பேசறதில்லை. பரவாயில்லை, கல்லீரல் பத்திரமா இருக்கட்டும்.