சாக் கட்டியும் சாக்குப்போக்கும்

சனிக்கிழமை மாலை நேரம். பெங்களூரில் ஒரு பூல் பார்லர். பீன்யாவில் முதல் ஷிப்டு முடித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவரும், அலுவலகமொன்றில் குமாஸ்தாவாக இருக்கும் அவருடைய ஊர்க்கார நண்பரும் மேசையைச் சுற்றி வருகிறார்கள். இருவருடைய பந்துகளும் தீர்ந்து, எட்டாம் எண் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. முறை தொழிலாளி இளைஞருடையது. குறி சுலபமானதுதான். ஆனால் அவர் வெள்ளைப் பந்தின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பின்னுக்கு இழுக்கப் பார்க்கிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். ஸ்டிக்கின் முனை வழுக்குகிறது. வெள்ளைப் பந்து நொண்டிக்கொண்டே போய் எங்கோ நிற்கிறது. அடுத்த அடியில் நண்பர் கறுப்பைப் பையில் தள்ளிவிடுகிறார்.

“சாக் சரியில்லைடா!” என்கிறார் தோற்றவர்.

தோற்றவரே மேசை வாடகையைக் கொடுக்க வேண்டும் என்பது பல பார்லர்களில் எழுதாத சட்டம். ஆகவே அந்த ஒரு வழுக்கலுக்கு விலை உண்டு. மாதம் பிறந்தவுடன் ஊருக்குப் பணம் அனுப்பி, அறை வாடகை கொடுத்து, மெஸ் கணக்கைத் தீர்த்த பிறகு கையில் நிற்கும் சொற்பத் தொகையிலிருந்து போகும் பணம் அது. அப்படியிருக்க, அவர் சொன்னது காரணமா, சாக்கா என்று கேட்டுப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

உண்மை என்னவென்றால், பாதி காரணம், பாதி சாக்கு. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் போதும். பலருடைய ஆட்டமும் திருந்தும், பையும் கரையாது.

கட்டி செய்யும் வேலை

பூல் பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஸ்டிக்கின் முனையில் இருப்பதோ 13 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு தோல் வில்லை. வழவழப்பான உருண்டையை இந்தச் சிறு தோல் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் தோல் பந்தைப் பற்றிக்கொண்டால் பந்து சுழலும், பற்றாவிட்டால் வழுக்கும். நடுவில் அடிக்கும்போது பிடிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது. மேலே, கீழே, பக்கத்தில் என்று நடுவை விட்டு விலக விலகத்தான் பிடிப்பு வேண்டும். நன்றாகச் சாக் தடவிய முனைகூட, நடுவிலிருந்து ஏறக்குறைய பாதி ஆரம், அதாவது 14 மில்லிமீட்டர் தூரம் வரைதான் தாங்கும். அதற்கப்பால் எந்தக் கட்டியாலும் காப்பாற்ற முடியாது. சாக் இல்லாத முனையோ அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும்.

இதைச் ‘சாக்’ என்று சொல்வதால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸின் தம்பி என்று நினைத்துக்கொள்வோர் உண்டு. கட்டி கிடைக்காத இடத்தில் சாக்பீஸைத் தேய்த்து ஆடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வெவ்வேறு ஜாதி. கரும்பலகைச் சாக்பீஸ் மெதுவான தூள், சீக்கிரம் உதிர்ந்துவிடும். பூல் கட்டியில் இருப்பது சிலிக்காவும், அலுமினியம் ஆக்ஸைடு போன்ற உரசும் பொடியும். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையில் விளங்கும்: உப்புத்தாளில் ஒட்டியிருக்கிற பொடியின் இனம் அது. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசாயன நிபுணரும் சேர்ந்து இந்தக் கலவையைக் கண்டுபிடித்து, 1897 மார்ச் 9-ந் தேதி அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். இன்று உலகெங்கும் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

பழைய வியாபாரம்

அதற்கு முன்பும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் பாத் நகரத்துப் பில்லியர்ட்ஸ் அறையில் ஜாக் கார் என்ற மார்க்கர் இருந்தார். மார்க்கர் என்றால் பந்து எடுத்து வைத்துப் புள்ளி எண்ணும் சிப்பந்தி. 1820-களில், ஸ்டிக் முனையில் வெள்ளைச் சாக்கைத் தடவினால் பந்தைச் சுழற்ற முடியும் என்று அவர் கண்டுகொண்டார். சாதாரணச் சாக்கைப் பொடி செய்து, மாத்திரை டப்பாக்களில் அடைத்து, ‘சுழற்றும் பொடி’ என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்றார். சுழல் பொடியில் இருக்கிறது என்று நம்பிப் பிரபுக்கள் வாங்கிப் போனார்கள். சுழல் காருடைய கையில் இருந்தது!

இரண்டு நூற்றாண்டு கழிந்தும் அந்த வியாபாரம் ஓயவில்லை. ஒரே கட்டி ஆயிரம் ரூபாயைத் தாண்டும் சாக்குகள் இன்று விற்பனைக்கு இருக்கின்றன. பின்லாந்திலிருந்து டாவோம், ஜப்பானிலிருந்து கமூயி என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. அவை ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயம் அல்ல. சாக் தூள் பந்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பந்துகள் மோதும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டால், பந்து ஒரு துள்ளுத் துள்ளித் திசை மாறும். இதைக் ‘கிக்’ என்பார்கள். புதுக் கட்டிகள் சில, தூளும் கறையும் குறைவாக விடுவதால், ஸ்நூக்கர் தொழில்முறை வீரர்கள் பலர் அவற்றுக்கு மாறியிருக்கிறார்கள். லட்சங்கள் பந்தயத்தில் இருக்கும்போது ஒரு ‘கிக்’ ஒரு பட்டத்தையே பறித்துவிடும். அவர்கள் வாங்குவதில் பொருள் உண்டு.

ஆனால் சனிக்கிழமை மாலை ஆட்டக்காரருக்கு அது தேவையா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாட்டோர், பலவகைக் கட்டிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் முன்பு ஒழுங்காகத் தடவினால், கிடைக்கும் சுழலில் கட்டிக்குக் கட்டி சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலை கூடிய கட்டி பெரும்பாலும் விற்பது என்ன? ஒரு தடவை தடவினால் பல அடிகளுக்குத் தாங்கும் என்ற சௌகரியத்தை. ஒவ்வோர் அடிக்கும் கையை அசைக்கச் சோம்பல் இல்லாதவருக்கு அந்தச் சௌகரியம் எதற்கு?

இந்த ஆட்டத்தில் மேசை லட்சக்கணக்கில் ஆகும். நல்ல ஸ்டிக்குக்குப் பல ஆயிரம் வேண்டும். பயிற்சியாளர் வைத்துக்கொள்வதோ எல்லோராலும் ஆகிற காரியமல்ல. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைக்கக்கூடிய சாதனம் ஒன்றே ஒன்றுதான். அது இந்தச் சதுரக் கட்டி. மாஸ்டர், டிரையாங்கிள் போன்ற பேர்பெற்ற சாதாரணக் கட்டி ஒன்று ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும். சரியாக வைத்துக்கொண்டால் மாதக் கணக்கில் வரும். அந்தச் சமத்துவத்தையும் விளம்பரத்துக்குப் பலி கொடுத்துவிட்டு, இருக்கிற பணத்தைப் பளபளக்கும் டப்பாவில் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலாவது, விரலால் ஒரு தடவை உரசிப் பார்க்க வேண்டும். மெல்லிய, சீரான பொடி விரலில் படிய வேண்டும். மணல் மணலாக உதிர்ந்தால் அது பந்துக்கும் துணிக்கும் கேடு. கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு எதுவும் ஒட்டாவிட்டால், வாங்குகிறவருக்கே கேடு. புதுக் கட்டியின் மேல்தோல் சிறிது கெட்டியாக இருப்பது சகஜம்; இரண்டு உரசலில் அது விட்டுவிடும்.

இரண்டாவது, நிறம். மேசைத் துணி பச்சையானால் பச்சைக் கட்டி, நீலமானால் நீலக் கட்டி. இது அழகுக்காகச் சொல்வதல்ல. கறை தெரியாமல் இருப்பதற்காக. பச்சைத் துணியில் நீலக் கட்டியை இழுத்துவிட்டுப் பார்லர்காரரிடம் வசை வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாத மலிவுக் கட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1996-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், சோதித்த சாக் கட்டிகளில் சிலவற்றில் ஈயம் இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் நீலம் பூசிய விரலோடு பஜ்ஜித் தட்டில் கை வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தை கையில் கட்டியை விளையாடக் கொடுக்கவும் கூடாது.

நான்காவது, ஈரம். மழைக் காலத்தில் பையில் கிடந்த கட்டி நமுத்துப்போய்ப் பசைபோல் அப்பும். மூடியுள்ள சிறு டப்பா ஒன்று போதும். வீட்டில் காலியாகிக் கிடக்கும் டப்பாக்களுக்கா பஞ்சம்?

வாங்கிய பிறகு

வாங்குவதைவிட வாங்கிய பிறகு செய்வதுதான் பெரிது. கட்டியை முனைமேல் கவிழ்த்து, திருகு சுற்றுவதுபோல் கரகரவென்று சுற்றுகிறவர்களைப் பார்லரில் காணலாம். இதனால் கட்டியின் நடுவில் குழி விழுகிறது. குழி விழுந்த கட்டி ஸ்டிக்கின் பூணை உராய்கிறதே தவிர, தோலின் ஓரத்தில் சரியாகப் படுவதில்லை. பக்கத்தில் அடிக்கும்போது பந்தைத் தொடுவதோ அந்த ஓரம்தான்! வண்ணம் பூசுவதுபோல் மெதுவாக இழுத்து, ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பித் தடவ வேண்டும். பிறகு முனையைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்காவது தோல் பளபளப்பாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மறுபடியும் ஓர் இழுப்பு.

முனையே தட்டையாகிப் பளபளத்துப் போயிருந்தால் எந்தக் கட்டியும் ஒட்டாது. அது ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவை ஒட்டி உருண்டிருக்க வேண்டும். லேசாகச் சொரசொரப்பும் வேண்டும். மேசை ஓரத்தில் கட்டியை வைக்கும்போது தடவும் முகம் மேலே பார்க்கட்டும். கவிழ்த்து வைத்தால் தூள் மேசையில் கொட்டும். அடுத்தவர் சட்டையிலும் ஒட்டும்.

இத்தனையும் செய்து வழுக்கினால், அது கட்டியின் குற்றமல்ல. கை ஆடியிருக்கும், அல்லது 14 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டியிருக்கும். அப்போது சாக்கைச் சொல்வது வெறும் சாக்கு.

பார்லர்காரர் பொறுப்பு

ஆனால் பழியை முழுவதும் ஆட்டக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. மணிக்கு இவ்வளவு என்று கறாராக வாடகை வாங்கும் பார்லர்கள் சிலவற்றில், மேசைமேல் கிடப்பது பாதாளக் கிணறுபோல் குழி விழுந்த ஒரு கட்டி. ஓரம் உடைந்து, மூன்று நிறம் கலந்து, ஈரத்தில் நமுத்துக் கிடக்கும். கேட்டால், “பசங்க திருடிக்கிட்டுப் போறாங்க” என்பது பதில். இதுவும் ஒரு சாக்குப்போக்கே! மேசைக்கு இரண்டு நல்ல கட்டி, தேய்ந்தவுடன் மாற்றுவது, வாரம் ஒரு தடவை ஸ்டிக் முனைகளைப் பார்ப்பது, பந்துகளைத் துடைப்பது: இவை தயவு தாட்சணியம் அல்ல, வாங்கும் வாடகைக்குச் செய்ய வேண்டிய கடமை. ஒரு மணி நேர மேசை வாடகையிலேயே நல்ல கட்டி வந்துவிடும். அதைத் தர மனமில்லாத இடத்தில் ஆடாமல் அடுத்த பார்லருக்குப் போக ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு.

இந்த விளையாட்டு நமக்கு அந்நியமானதும் அல்ல. ஸ்நூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளிடையே பிறந்து, 1880-களில் ஊட்டி கிளப்பில் விதிகளோடு உருவானது. அன்று கிளப்புக்குள் நம்மவர் நுழைந்தது பெரும்பாலும் சிப்பந்தியாகத்தான். பிறகு 1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். பெங்களூரில் வளர்ந்த பங்கஜ் அத்வானி 2003-ல் தொடங்கி உலகப் பட்டங்களைக் குவித்தார். 2025-ல் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். கதவு திறந்துவிட்டது. உள்ளே வருகிறவர் ஒழுங்கோடு வர வேண்டும் என்பதே கேள்வி.

அந்தப் பீன்யா இளைஞர் அடுத்த சனிக்கிழமை வரும்போது, சட்டைப் பையில் சொந்தக் கட்டி ஒன்று, ஒரு சிறு டப்பாவில் இருக்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் முன்பு இரண்டு இழுப்பு, ஒரு பார்வை. அதற்குப் பிறகும் தோற்றால் சிரித்துக்கொண்டே வாடகையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். நண்பர் நன்றாக ஆடினார் என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.