330 கிராம் பொறுமை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு போன் அடித்தால் ஒன்று கெட்ட செய்தி, இல்லையென்றால் டெக்ஸஸ் நண்பன். அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டு ஹாயாக உட்கார்ந்து, எனக்கு இன்னும் காபி வராத நேரமாகப் பார்த்து சந்தேகம் கேட்பான்.

"மச்சான், நீ பி.காம். தானே?"

"நீயும்தான்டா."

"நான் உன் பேப்பரைப் பார்த்து எழுதினவன். நீ சொல்லு. ஒரே சாமான். ஒண்ணு நூறு டாலர், இன்னொண்ணு இருநூத்தி ஐம்பது. எதை வாங்கறது?"

"என்ன சாமான்?"

"போல்ட் கேரியர்."

"நூறு டாலருக்கு சைக்கிளே வாங்கலாமேடா, கேரியர் மட்டும் எதுக்கு?"

அவன் சிரித்த சிரிப்பில் ஐ.எஸ்.டி. கம்பி அதிர்ந்திருக்கும், கம்பி என்று இப்போது ஏதாவது இருந்தால்.

பயல் அமெரிக்கப் பிரஜையாகிப் பத்து வருஷம் ஆகிறது. வார இறுதியில் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறான். வைத்திருப்பது ஏஆர்-15 ரக ரைஃபிள். அந்தத் துப்பாக்கி அங்கே சோகச் செய்திகளிலும் அடிபடுகிறது. அது பெரிய வழக்கு, இந்த ஒரு பக்கத்தில் தீராது. நம் ஊரில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. ஆகவே வாசகர்கள் யாரும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பவேண்டாம். கணக்கு மட்டும் பார்ப்போம், வாருங்கள்.

'ஏஆர்' என்பதை 'அசால்ட் ரைஃபிள்' என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 'ஆர்மலைட்' என்கிற கம்பெனியின் பெயர். அங்கே இருந்த யூஜீன் ஸ்டோனர் 1950-களின் நடுவில் வடிவமைத்த ஏஆர்-10 என்கிற அண்ணனுக்குத் தம்பிதான் ஏஆர்-15. கோல்ட் நிறுவனம் 1959-ல் உரிமையை வாங்கியது. ராணுவத்தில் அதற்கு எம்-16 என்று பெயர்.

தோட்டா வெடித்ததும் குண்டைத் தள்ளிக்கொண்டு வாயு குழலில் ஓடுகிறது. வழியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகக் கொஞ்சம் வாயு ஒரு மெல்லிய குழாயில் பின்பக்கம் திரும்பி வருகிறது. வந்து புகுகிற இடம்தான் நம் கதாநாயகன், போல்ட் கேரியர். ஒரு உருளையான இரும்புக் கட்டி. அதன் வயிற்றுக்குள் போல்ட். போல்ட்டின் மூக்கில் ஏழு பற்கள். சுடும்போது அந்தப் பற்கள்தான் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கின்றன.

வாயு தள்ள, கேரியர் பின்னால் நகர்கிறது. நகரும்போது போல்ட்டைத் திருகித் தாழ்ப்பாளைத் திறக்கிறது. காலி உறையை இழுத்து வெளியே எறிகிறது. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் முன்னால் தள்ள, அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு மறுபடி தாழ்ப்பாள். எல்லாம் நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒரே ஒரு விஷயம்: தாழ்ப்பாள் எப்போது திறக்கிறது? குழலுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது பித்தளை உறை பூரி மாதிரி உப்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது இழுத்தால் வராது. பலமாக இழுத்தால் உறையின் விளிம்பு பிய்ந்துவிடும். அழுத்தம் இறங்கி, உறை சுருங்குகிறவரை யாராவது ஒருத்தர் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும்.

அந்த ஒருத்தர்தான் கேரியர். போல்ட்டும் சேர்த்து சுமார் 330 கிராம். அவ்வளவு கனத்தை நகர்த்த வாயுவுக்கு நேரம் பிடிக்கிறது. அதாவது, எடைதான் இங்கே தாமதம். அந்தத் தாமதம்தான் பாதுகாப்பு.

இப்போது நண்பனின் இருநூற்று ஐம்பது டாலர் சரக்குக்கு வருவோம். வெளிச்சந்தையில் வருகிற கேரியர்கள் இரண்டு வாக்குறுதி தருகின்றன. ஒன்று, பளபளப்பு. ஸ்டாண்டர்டு கேரியர் வெளியே பாஸ்பேட் பூச்சுடன் தோசைக்கல் மாதிரி மங்கிய கறுப்பு. வெளிச்சந்தைக்காரர் நிக்கல் போரான் பூசி வெள்ளித் தம்ளர் மாதிரி தருகிறார். கரி அவ்வளவாக ஒட்டாது, துணியால் துடைத்தால் போய்விடும். இது பொய்யில்லை. கழுவுகிற வேலை மிச்சம்.

இரண்டாவது வாக்குறுதி, எடைக்குறைப்பு. அங்கங்கே கடைந்து எடுத்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கிறார்கள். முன்னும் பின்னும் ஓடுகிற பாரம் குறைந்தால் துப்பாக்கி குறைவாகத் துள்ளும், அடுத்த குறி சீக்கிரம் கிடைக்கும். போட்டிக்காரர்களுக்கு அது பொன். இதுவும் பொய்யில்லை.

வரவு இரண்டு. பற்று எங்கே?

எடை குறைந்தால் பொறுமையும் குறைகிறது. தாழ்ப்பாள் சீக்கிரம் திறக்கிறது. அதைச் சமாளிக்க, உள்ளே வருகிற வாயுவைக் கூட்டிக் குறைக்கிற ஒரு அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் வேண்டும். அதற்குத் தனிக் காசு. அதைத் திருகித் திருகி, தான் சுடுகிற ஒரு ரகத் தோட்டாவுக்கு சரிசெய்யவேண்டும். தோட்டா மாறினால் மறுபடி திருகு. இன்னொன்று, உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளி ஏற்ற வேகத்தோடு கனமும் வேண்டும். காலி சூட்கேஸால் கதவைத் தள்ளுவதற்கும், புத்தகம் நிறைத்த சூட்கேஸால் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

"இதெல்லாம் தியரிடா" என்றான் நண்பன்.

"தியரி இல்லை. வியட்நாம்."

1964-ல் அந்தத் துப்பாக்கியின் தோட்டாவில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. கேரியரைத் தொடவில்லை, போல்ட்டைத் தொடவில்லை. உள்ளே இருந்த வெடிமருந்தை மட்டும் மாற்றினார்கள். முதலில் இருந்தது ஒரு வகை. புதிதாக வந்தது பால் பவுடர் என்கிற குருணை வகை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. குண்டின் வேகம் சரி, தயாரிப்பது சுலபம். ஆனால் புது மருந்தில் குழாய்க்குள் வருகிற வாயுவின் அழுத்தம் வேறு. கேரியர் அவசரப்பட ஆரம்பித்தது. நிமிடத்துக்கு 850 என்று வைத்திருந்த உச்சவரம்பைத் தாண்டிச் சுட்டது. கரியும் அதிகம். உறை சேம்பரில் சிக்கிக்கொண்டது. சேம்பருக்குள் குரோமியப் பூச்சு இல்லை. வியட்நாம் ஈரத்தில் துரு ஏறியது. போதாக்குறைக்கு இது சுத்தம் செய்யவே தேவையில்லாத துப்பாக்கி என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. பலருக்கு சுத்தம் செய்கிற சாமான்களே வழங்கப்படவில்லை.

பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். எதிரி முன்னால், கையில் சிக்கிய துப்பாக்கி. முன்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தி உறையைத் தள்ளவேண்டும். சிலருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் செய்தித்தாளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய், 1967-ல் இக்கார்ட் என்கிற உறுப்பினரின் தலைமையில் விசாரணை நடந்தது. வெடிமருந்து மாற்றத்தை அந்தக் குழு கடுமையாகக் கண்டித்தது.

எப்படிச் சரி செய்தார்கள் என்பதுதான் நம் கணக்குக்கு முக்கியம். சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள். சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். 1968-ல் அதற்காகவே வில் ஐஸ்னர் என்கிற பிரபல ஓவியரை வைத்து சித்திரக்கதைப் புத்தகம் போட்டார்கள். கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு ஓடுகிற பஃபர் என்கிற பாகத்தைக் கனமாக்கினார்கள். ஆமாம், கனமாக்கினார்கள். போன பொறுமையை எடை போட்டுத் திரும்ப வாங்கினார்கள். இன்றைக்கு நம் நண்பன் இருநூற்று ஐம்பது டாலர் கொடுத்துக் குறைக்கப் பார்ப்பது அதே ஓடுகிற கனத்தைத்தான்.

இன்னொரு வேடிக்கை. ஆரம்ப கால ஏஆர்-15-களில் கேரியர் குரோமியம் பூசி வெள்ளியாகத்தான் பளபளத்தது. பிறகுதான் ராணுவம் மங்கிய பாஸ்பேட்டுக்கு மாறியது. புதுமை என்று இப்போது விற்கிற மினுமினுப்பு தாத்தா காலத்து மினுமினுப்பு.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, பைக்கில். காலேஜ் முடித்த புதிதில், சத்தம் கம்பீரமாக வரும் என்று ஒரு மெக்கானிக் சொன்னதை நம்பி சைலன்ஸரை மாற்றினேன். கம்பீரமாகத்தான் வந்தது. கார்புரேட்டருக்கும் அதற்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு மூச்சுத் திணறிய ராத்திரி நாற்பது உதை உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எதிர்வீட்டு மாமாவின் பழைய ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. அதில் ஒரு போல்ட்கூட மாற்றியதில்லை என்று அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார், பெருமைக்காக இல்லை, பேச்சுத் துணைக்காக. அப்பா பிழைத்துக்கொண்டார். சைலன்ஸர் பழைய இரும்புக்குப் போனது.

"அப்ப ஸ்டாண்டர்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?" என்றான்.

அதுவும் கூடாது. 'ஸ்டாண்டர்டு' என்று எழுதுவதற்கு மை போதும். ராணுவ அளவுகோல்படி போல்ட்டுக்கு கார்பென்டர் 158 என்கிற எஃகு. செய்து முடித்ததும் அதிக அழுத்தத் தோட்டாவை வைத்து ஒரு முறை சுட்டு, பிறகு காந்தத் துகள் சோதனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விரிசல் விடுவதென்றால் பெரும்பாலும் பற்களின் அடியில், அல்லது போல்ட்டின் குறுக்கே போகிற கேம் பின் துவாரத்தில். கேரியரின் தலையில் வாயு நுழைகிற 'கேஸ் கீ' இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. அந்த ஸ்க்ரூக்கள் அசையாதபடி ஓரத்து உலோகத்தை அழுத்திக் குத்தி வைத்திருக்கவேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் ஏமாற்றுவது அங்கேதான். ஸ்க்ரூ தளர்ந்தால் வாயு கசியும், கேரியர் பாதி வழியில் நின்றுவிடும்.

ஆக, கணக்கு இது. காசை சோதனைக்குக் கொடு, பளபளப்புக்குக் கொடுக்காதே. போட்டியில் ஜெயிக்க எடை குறைந்தது வேண்டுமென்றால், வாயுவையும் ஸ்பிரிங்கையும் பஃபரையும் சேர்த்து சரிசெய்யத் தயாராகு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை அனுசரித்துப்போகும் என்று நினைக்காதே.

அரை மணி நேரம் பேசியபிறகுதான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி எனக்குத் தோன்றியது.

"இப்ப இருக்கிற கேரியர்ல என்னடா பிரச்னை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒண்ணுமில்லை."

"சிக்குதா?"

"இல்லை."

"பின்னே?"

"கறுப்பா இருக்கு."

அடுத்த வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தான். சோதனை முத்திரை குத்திய ஸ்டாண்டர்டு போல்ட் ஒன்றை ஸ்பேராக வாங்கினானாம், ஒரு பாட்டில் எண்ணெயும். மிச்சக் காசில் பயிற்சிக்குத் தோட்டா. எனக்குப் பெருமையாக இருந்தது. பி.காம். வீண்போகவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலை ஏழரைக்கு போன்.

"மச்சான், ஒரு ட்ரிக்கர் பார்த்தேன். தங்கக் கலர்."