பதிமூன்று வயதுக்குப் பிறகு சமயம்

மலேசிய இடைநிலைப்பள்ளிக் கால அட்டவணையில் முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவருக்கு நன்னெறிக் கல்வி. இந்துப் பிள்ளை சமயம் கற்க வீட்டையும் கோயிலையும்தான் நம்ப வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம், அதுவும் எளிதல்ல. தோட்டத்து லயங்களை விட்டுப் பல குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. பிள்ளையை ஞாயிறுதோறும் கோயிலில் கொண்டுவிட ஆளில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பள்ளிப் பாடமே கைப்பேசிக்குள் வந்தது. அதேபோல் சமய வகுப்பும் வீட்டுக்குள் வரலாம். ஆனால் வெறும் மனப்பாடமாக வரக்கூடாது. 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டி குரலையும் நினைவாற்றலையும் வளர்க்கிறது, நல்லதே. பதினைந்து வயதுக்காரனின் கேள்வியோ வேறு: முனீஸ்வரருக்குச் சுருட்டு படைக்கிறோம், சிவனுக்கு ஏன் படைப்பதில்லை? "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று வாயை அடைத்தால் அவன் அடுத்த வாரம் வரமாட்டான். எனவே பிள்ளைகள் மாதம் ஒருமுறை கோயிலில் கூடட்டும். இடைப்பட்ட வாரங்களில் குலதெய்வம் எந்த ஊரிலிருந்து வந்தது, தோட்டத்துக் கோயிலை எழுப்பியவர் யார், பாட்டியின் விரதம் எதற்கு என்று வீட்டில் விசாரித்து எழுதட்டும். ஆசிரியர் அங்கிருந்து தேவாரத்துக்கும் சித்தாந்தத்துக்கும் அழைத்துப் போகட்டும். அந்த ஆசிரியருக்கு மாதப்படி வேண்டும். திருவிழாவின் ஒலிபெருக்கி, பந்தல் செலவில் ஒரு பங்கை ஆலய நிர்வாகங்கள் இதற்கு ஒதுக்கினாலே போதும்.