நகல் உண்டு; கடை எப்போது திறக்கும்?

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை வாரிச் சென்றபோது, மனித உயிர்களோடு கணக்கேடுகளும் பதிவேடுகளும் போயின. இன்று அந்த ஏடுகள் கணினிக்குள் வந்துவிட்டன. தீவுகளில் தொழில் செய்யும் நம் வாடிக்கையாளர்களிடம் நகல் எடுக்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலோர் ஆம் என்கின்றனர். கணினி பழுதானால் எத்தனை மணி நேரத்தில் கணக்கை மீட்பீர்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் விடை வருவதில்லை. கடன் தவணையும் ஜிஎஸ்டி படிவமும் கணினி சீராகும்வரை காத்திருப்பதில்லை. ஆகவே, நகல் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டாம் கேள்வியைக் கொண்டே என்பது நம் கருத்து.

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் போர்ட் பிளேரையும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளையும் இணைக்கிறது. கிளவுடில் நகல் வைப்பது அதனால் எளிதாயிற்று. ஆயினும், அன்றாடம் சிறிது சிறிதாக மேலேறிய தரவு, மீட்கும் நாளில் மொத்தமாக இறங்க வேண்டும். 500 ஜிபி தரவை நொடிக்கு 20 மெகாபிட் வேக இணைப்பில் இறக்க இரண்டு நாளுக்கும் மேலாகும். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படிக்கும் ஹார்டு டிஸ்கிலிருந்து அதே தரவு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

அதற்காக டிஸ்க் மட்டும் போதும் என்று கொள்வதும் பிழையே. கடையும் டிஸ்கும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், ஒரே அலை இரண்டையும் கொண்டுபோகும். விரைவுக்கு அருகில் ஒன்றும், பாதுகாப்புக்குக் கடல் கடந்து ஒன்றும் வேண்டும். நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றி வைப்பது நன்று. கணினியைப் பற்றும் வைரஸ் அதைத் தொடாது.

எடுக்கும் விதமும் கருதத்தக்கது. ஞாயிறன்று முழு நகல், பின்னர் நாள்தோறும் அன்றைய மாற்றம் மட்டும் என்றால் எடுப்பது விரைவு. ஆனால் சனிக்கிழமை பழுதானால், முழு நகலோடு ஐந்து நாள் நகல்களையும் வரிசை தவறாமல் சேர்க்க வேண்டும். இடையில் ஒன்று கெட்டாலும் பிந்தியவற்றை நம்ப இயலாது. ஞாயிறு முதல் சேர்ந்த மாற்றம் முழுவதையும் ஒவ்வொரு நாளும் எடுத்தால், முழு நகலும் கடைசி நகலும் போதும். இரவில் சிறிது நேரம் கூடுதலாகும். அது கொடுக்கத்தக்க விலையே.

எம்முறையாயினும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள். மீட்டுப் பார்க்காத நகல் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.