பரிசு பெற்ற நூல்களும் நம் பிள்ளைகளும்

சிறுவர்க்காகவும் இளையோர்க்காகவும் எழுதப்படும் நூல்களுக்கென்று உலக நாடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் பரிசுகள் வழங்கப்படுகின்றன. நூற்கடைகளில் சில ஆங்கில நூல்களின் அட்டையில் வட்ட வடிவான முத்திரை ஒன்று பொறிக்கப்பட்டிருப்பதைப் பெற்றோர் சிலர் கண்டிருக்கலாம். "அவை வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பவை, நமக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு?" என்று எண்ணி நகர்ந்துவிடுவோரும் உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்பரிசுகளின் வரலாற்றையும், அவற்றைப் பெற்ற நூல்களுள் ஓரிரண்டையும் அறிந்தால், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது விளங்கும்.

இவ்வகைப் பரிசுகளுள் மூத்தது அமெரிக்காவின் நியூபெரிப் பதக்கம். பிரெடரிக் மெல்ச்சர் என்பார் 1921ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் முன் இக்கருத்தை வைத்தார். மறு ஆண்டே, 1922இல், முதற் பதக்கம் வழங்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் சிறுவர்க்கென்றே நூல்களை அச்சிட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. கவிதைக்கும் நாடகத்துக்கும் புதினத்துக்கும் கிடைக்கும் மதிப்பு குழந்தை இலக்கியத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். சிறுவர்க்கு எழுதுவது சிறிய வேலை என்று கருதப்பட்ட காலத்தில், அது பெரிய வேலை என்று உலகுக்கு உணர்த்த எழுந்ததே அப்பதக்கம்.

பிரிட்டனில் 1936ஆம் ஆண்டில் ஏற்பட்ட கார்னகிப் பதக்கத்தின் பின்னே ஒரு தொழிலாளச் சிறுவனின் கதையே இருக்கிறது. ஆண்ட்ரூ கார்னகி 1835இல் ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். வறுமை தாளாமல் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்றது அவருடைய குடும்பம். ஆங்கே பதின்மூன்றாம் வயதில் அவர் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கூலி வாரத்திற்கு 1 டாலர் 20 காசு. அவ்வட்டாரத்தில் கர்னல் ஆண்டர்சன் என்னும் பெருந்தகை, தம்மிடம் இருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் இரவலாகக் கொடுத்துவந்தார். அந்நூல்களைப் படித்து உயர்ந்த கார்னகி, எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய பின், 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களை எழுப்பப் பொருள் வழங்கினார். அவருடைய ஆலையிலேயே 1892இல் தொழிலாளர் போராட்டம் ஒன்று ஒடுக்கப்பட்டது என்பதும் வரலாறே; அதை மறைத்தல் ஆகாது. ஆயினும், கூலிக்காரச் சிறுவன் ஒருவனுக்கு ஒருவர் நூலைக் கொடுத்ததால் விளைந்த பயன் எத்துணைப் பெரிது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்கார்னகிப் பதக்கம் 1937ஆம் ஆண்டுக்குரிய நூலாக எதைத் தேர்ந்தெடுத்தது? ஈவ் கார்னெட் அம்மையார் எழுதிய 'தி ஃபேமிலி ஃபிரம் ஒன் எண்ட் ஸ்ட்ரீட்' என்னும் நூலை. அதில் அரசனும் இல்லை, மாளிகையும் இல்லை. தந்தை குப்பை அள்ளும் தொழிலாளி, தாய் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுப்பவர், பிள்ளைகளோ எழுவர். தாய்க்கு உதவ எண்ணிய மூத்த மகள், வாடிக்கையாளர் ஒருவரின் பட்டுப் பாவாடையைச் சூடு மிகுந்த பெட்டியால் தேய்க்க, அது சுருங்கிப்போகிறது. தேர்வில் வென்று உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லத் தகுதி பெற்ற மற்றொரு மகளுக்குச் சீருடை வாங்குவது எப்படி என்று பெற்றோர் கலங்குகின்றனர். இக்கவலைகளை அறியாத தோட்டத்து வீடு உண்டா? இந்நூல் சிறுவர்க்கு ஏற்றதன்று என்று கருதி முதலில் திருப்பியனுப்பிய பதிப்பகத்தாரும் இருந்தனர். அதே ஆண்டில் வெளிவந்த புகழ்மிக்க 'ஹாபிட்' என்னும் நூலுக்குக் கிட்டாத பதக்கம், குப்பைத் தொழிலாளியின் குடும்பக் கதைக்குக் கிட்டியது.

இனி, 1977ஆம் ஆண்டில் நியூபெரிப் பதக்கம் பெற்ற நூலைப் பார்ப்போம். கறுப்பின எழுத்தாளரான மில்ட்ரெட் டெய்லர் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்பது அதன் பெயர். 1933ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை அது. பள்ளி திறந்த முதல் நாள், ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடநூல் தரப்படுகிறது. அது அழுக்கேறிக் கிழிந்த நூல். அதன் உள்ளட்டையில் ஒரு பட்டியல் இருக்கிறது. பதினொரு முறை அந்நூல் வெள்ளை மாணவர்க்கு வழங்கப்பட்டதாம். இனிப் பயன்படாது என்னும் நிலைக்கு வந்த பின், பன்னிரண்டாம் முறையாகக் கறுப்பினப் பிள்ளைக்கு வருகிறது. அதைப் படித்துணர்ந்த அச்சிறுவன் நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். ஆசிரியை அவனைத் தண்டிக்கிறார். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவன் தாயோ மகனை ஏசவில்லை. நூல்களை வாங்கி, அப்பட்டியலின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்துவிடுகிறார். ஒரு பிள்ளையின் தன்மானத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா?

இக்கதைகளை மில்ட்ரெட் டெய்லர் எங்கிருந்து பெற்றார்? தம் தந்தையாரிடமிருந்து பெற்றார். பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறாத தம் மக்களின் வரலாற்றை, குடும்பத்தார் கூடும்போதெல்லாம் தந்தை கதையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். பெற்றோர்களே, இங்குதான் நம் கடமை தொடங்குகிறது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றதையும், மழையில் நனைந்தபடி பால்மரம் சீவியதையும், ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் பலர் திரும்பி வாராததையும் நம் முதியோர் நமக்குச் சொன்னார்கள். அவற்றை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்து வீடுகள் இடிந்ததைப் போல அக்கதைகளும் இடிந்து போனால், அவற்றை மீட்டுத் தருவார் எவருமிலர்.

பரிசு பெற்றவை மட்டுமே சிறந்தவை என்று கருதிவிடவும் கூடாது. 1953ஆம் ஆண்டில் நியூபெரிப் பதக்கம் ஆன் நோலன் கிளார்க் எழுதிய நூலுக்குச் சென்றது. ஒரு பன்றிக்குட்டிக்கும் சிலந்திக்கும் இடையே மலர்ந்த நட்பைக் கூறும் 'சார்லட்ஸ் வெப்' அவ்வாண்டில் அடுத்த நிலையையே பெற்றது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விரும்பிப் படித்துவருவது அச்சிலந்தியின் கதையைத்தான். பரிசு என்பது வழிகாட்டும் கைகாட்டி மரம். நடக்க வேண்டியவர் நாமே.

தமிழில் இத்தகைய நூல்கள் உண்டா என்று சிலர் வினவலாம். உண்டு. இந்தியாவின் சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப் பரிசு வழங்கிவருகிறது. முதலாண்டில் தமிழுக்குரிய பரிசை மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' பெற்றது. 2020ஆம் ஆண்டுக்குரியதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தீய நோக்கோடு அணுகும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியைக் கதையாகவே சொல்கிறது. பெற்றோரும் படிக்க வேண்டிய நூல் அது.

தேர்வுக்குப் படிக்கவே நேரம் போதாதபோது கதை நூல் எதற்கு என்று கேட்போர் இருக்கின்றனர். பாடநூல் பிள்ளைக்கு விடையைக் கற்பிக்கும். நல்ல கதை நூல் வினாவைக் கற்பிக்கும். கிழிந்த நூலைக் கண்டு, "இது எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்ட அச்சிறுவனின் துணிவு பாடநூலால் மட்டும் வருவதன்று.

எனவே, பள்ளிக்கும் பெற்றோர்க்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பரிசளிப்பு விழாவில் மாணவர்க்கு வெற்றிக் கிண்ணங்களையும் நெகிழிப் பொருள்களையும் வழங்குவதற்கு மாறாக, நல்ல தமிழ் நூல்களை வழங்குவோம். கிண்ணம் அலமாரியில் தூசு படியும். நூலோ தம்பி தங்கையரின் கைக்கும் போகும். இரண்டாவது, பள்ளி நூல்நிலையத்தின் அலமாரிகளைப் பூட்டி வைக்காதிருப்போம். கைபட்டுக் கிழிந்த நூல் தன் கடமையைச் செய்த நூலாகும். மூன்றாவது, மாணவச் செல்வங்கள் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடம் ஒரு கதையையேனும் கேட்டு எழுதட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கென்று சில பக்கங்களை ஒதுக்குவோம்.

மாணவச் செல்வங்களே! குப்பைத் தொழிலாளியின் வீடும் பருத்திக் காட்டுக் குடிசையும் உலகம் போற்றும் நூல்களாக மலர்ந்தன. பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் அத்தகுதி இல்லையா? உண்டு. அதை எழுதப்போகும் கை உங்களுள் ஒருவருடையதாக இருக்கட்டும். அதற்கு இன்றே ஒரு நல்ல நூலை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.